மலர் வளையம் கட்டி வந்த கார்

பெய்ரூத்
4 மார்ச் 1980

என்னைப் புதைக்க இருக்கிற என் செல்லத் தம்பி காலிபுக்கு,

அம்மா நம்மை இப்படித்தான் கொஞ்சுவாள். தனக்கு முன்னால் நாம் போய்விடக் கூடாது என்பதற்காக. இந்த வாரம் அந்தச் சொல் வாயில் கசக்கிறது. ஆனாலும் வேறு எப்படி உன்னை அழைப்பதென்று தெரியவில்லை.

உன் அத்தான் ஷஃபீக் போய்விட்டார். தூதரகத்தில் குண்டு வெடித்ததை நீ அங்கே வானொலியில் கேட்டிருப்பாய். வாசற்காவலரும் செத்தார் என்று அதில் சொன்னார்களோ இல்லையோ, தெரியாது. நடந்ததை நானே எழுதுகிறேன். இங்கே ஆளுக்கொரு கதை கட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

தூதருடைய தாயார் அவர்கள் ஊரில் காலமானார். துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்காக இங்கே தூதரகத்தில் மூன்று நாள் மண்டபத்தைத் திறந்து வைத்தார்கள். பெய்ரூத்தில் கோட்டு வைத்திருக்கிற அத்தனை பேரும் கறுப்புடுத்திக்கொண்டு வந்தார்கள். வாசலில் ஷஃபீக்கும் அவருடைய கூட்டாளி ஹன்னாவும் காவல். யார் வந்தாலும் காருக்கு அடியில் கண்ணாடி விட்டுப் பார்த்து, டிக்கியைத் திறந்த பிறகுதான் உள்ளே விடுவது வழக்கம். முதல் நாளும் அப்படியே செய்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் பருப்புச் சோற்றைத் தொடவே இல்லை.

“ஒரு பெரியவரை இறங்கச் சொல்லி இடுப்பைத் தடவிப் பாத்தேன் நவால். கையைத் தூக்கிட்டு நின்னாரு. ‘பரவால்லப்பா, நீ உன் வேலையைப் பாரு’ன்னாரு. எனக்கு அங்கேயே செத்துடலாம் போல இருந்துச்சு” என்றார்.

துக்கத்துக்கு வருகிறவனை வாசலில் நிறுத்திச் சோதிப்பதைப் போலக் கேவலம் நம் ஊரில் வேறு என்ன இருக்கிறது? பகையாளிகூட எதிரி வீட்டு இழவுக்குப் போகும்போது துப்பாக்கியை வெளியே வைத்துவிட்டுப் போவான். சண்டை தொடங்கி இத்தனை வருஷத்தில் எல்லாம் போயும் அது ஒன்று மிச்சமிருக்கிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் தூதரகத்தின் இரண்டாவது அதிகாரியும் காவலர்களைக் கூப்பிட்டு, “துக்கத்துக்கு வர்றவங்ககிட்ட இவ்வளவு கெடுபிடி வேணாம், எங்க பேரு கெடுது” என்று சொல்லியிருக்கிறார். மத்தியானம் ஒரு கார் வந்தது. கூரையில் பெரிய மலர் வளையம் கட்டியிருந்தது. ஓட்டி வந்தவன் கறுப்புக் கோட்டு. ஷஃபீக் கையை நெஞ்சில் வைத்து, “அந்தம்மாவுக்கு ஆண்டவன் அருள் செய்யட்டும், போங்க ஐயா” என்று தடுப்பைத் தூக்கிவிட்டார். அந்த வார்த்தைதான் ஹன்னாவின் காதில் கடைசியாக விழுந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணில் கட்டோடு படுத்துக்கொண்டு அவரே என்னிடம் சொன்னார். டிக்கியில் இருந்தது வெடித்ததில் கட்டடத்தின் முன்பாதி தெருவில் சரிந்துவிட்டது.

உடம்பு என்று ஒன்றைக் கொடுத்தார்கள். அதைப் பற்றி எழுத மாட்டேன். இடது கை மட்டும் முழுசாக இருந்தது. மணிக்கட்டில் கடிகாரம் கட்டியிருந்த வெளுப்பு அப்படியே தெரிந்தது. கடிகாரத்தைக் காணோம். செத்தவன் கையைப் பிடித்து நிதானமாக வாரைக் கழற்றியிருக்கிறான் ஒருவன். நினைக்க நினைக்கக் குமட்டுகிறது.

அதோடு விட்டார்களா? வாசலில் இருந்தவன் உடந்தை என்று வானொலியில் தூதரகம் சொல்லிவிட்டது. அந்த இரண்டாவது அதிகாரி தான் ஒன்றும் சொல்லவே இல்லை என்று சாதிக்கிறார். விசாரிக்க வந்தவர்கள் மெத்தையைக் கிழித்தார்கள். ரமீஸின் பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்தார்கள். துக்கம் கேட்க வருகிறவர்களுக்கென்று கசப்புக் காப்பி போட்டு வைத்திருந்தேன். அதை ஊற்றிக் குடித்துவிட்டு அவர்களில் ஒருவன், “சக்கரை இல்லையாம்மா?” என்று கேட்டான். இழவு வீட்டுக் காப்பியில் சர்க்கரை!

அவர்களைத் தவிர வேறு ஒருவரும் அந்தக் காப்பியைக் குடிக்க வரவில்லை. எதிர்வீட்டுக்காரி படிக்கட்டில் என்னைப் பார்த்ததும் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று உள்ளே ஓடிவிட்டாள். உடந்தைக்காரன் வீட்டு இழவுக்கு யார் வருவார்கள்?

ஷஃபீக்குக்கு அண்ணன் தம்பி இல்லை. வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்க ஆண்பிள்ளை வேண்டும். நீ வா. நீ வந்து நின்றால் நாலு பேராவது வருவார்கள். அவர் உடந்தை இல்லை என்பதை என் வாயால் சொன்னால் பெண்டாட்டி பேச்சு என்பார்கள். எனக்கு வேறொன்றும் வேண்டாம். என் வீட்டுக்காரரை ஒரு மனுஷனாகப் புதைத்ததாக இருக்க வேண்டும். தபால் ஓடவில்லை என்பதால் இதை அங்கே வருகிற துணி வியாபாரி ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவரிடமே பதில் கொடு.

உன் அக்கா
நவால்


அபிஜான்
20 மார்ச் 1980

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன். எனக்கு முதன்முதலில் முகம் மழிக்கக் கற்றுக்கொடுத்தவர் அத்தான்.

நான் உடனே வரத்தான் நினைத்தேன். ஆனால் இப்போதுதான் சரக்கு இறங்கியிருக்கிறது. கணக்குப்பிள்ளையை நம்பிக் கடையை விட்டால் திரும்பி வரும்போது சுவர்தான் இருக்கும். அங்கே விமான நிலையமும் ஒரு நாள் திறக்கிறது, இரண்டு நாள் மூடுகிறது என்கிறார்கள். உனக்குத் தெரியாததா?

ஒரு விஷயம் கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதே. போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வந்தபோது இயக்கத்துக்காக இங்கே நிதி திரட்டுகிறவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அடிக்கப் போகிறார்கள் என்றுதான் முதலில் பயந்தேன். ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார்கள். “உள்ளேயிருந்து கதவைத் தெறந்தாரே, அந்த மாவீரனோட மச்சினனா நீ? இத்தனை நாளா வாயே தொறக்கலையே!” என்றார்கள். ஒரு சுவரொட்டியைக் கொடுத்தார்கள். அதில் அத்தான் படம். குண்டு வைத்தது தாங்கள்தான், வாசலில் இருந்தவர் தங்கள் ஆள் என்று இயக்கம் அறிக்கை விட்டிருக்கிறதாமே!

அக்கா, அது உண்மையா? அத்தான் நமக்குச் சொல்லாமல் அவர்களோடு இருந்தாரா?

உண்மையோ பொய்யோ, கொஞ்சம் யோசித்துப் பார். தூதரகம் அவரைத் துரோகி என்கிறது. இவர்கள் வீரன் என்கிறார்கள். இரண்டில் ஒன்று அவர் நெற்றியில் ஒட்டத்தான் போகிறது. நல்லதை எடுத்துக்கொண்டால் என்ன? தெருவில் நீ தலை நிமிர்ந்து நடக்கலாம். பிள்ளைகளை ஒருவரும் தொட மாட்டார்கள். நான் கடல் தாண்டி இருக்கிறேன். உன் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டாமா?

ரமீஸுக்கும் ஹாலாவுக்கும் என் முத்தங்கள்.

உன் தம்பி
காலிப்


பெய்ரூத்
3 ஏப்ரல் 1980

காலிப்,

உண்மையா என்று கேட்கிறாய். அவர் கையால் முகம் மழித்துக்கொண்டவன் கேட்கிறாய்.

அந்தச் சுவரொட்டி இங்கே ரொட்டிக்கடையிலிருந்து கடற்கரை வரைக்கும் ஒட்டியிருக்கிறது. நீ சரியாகப் பார்த்தாயா? எங்கள் கல்யாணப் படத்தில் இருந்த முகம் அது. டையை அழித்துவிட்டார்கள். பின்னால் ஒரு துப்பாக்கியை நிறுத்தியிருக்கிறார்கள். முகத்தில் தாடி வரைந்திருக்கிறார்கள். தாடி, காலிப்! இரண்டு நாள் மழிக்காவிட்டால் தோல் தடித்துப்போய் இரவெல்லாம் சொறிந்துகொண்டிருப்பார் அந்த மனுஷன். ஹாலா சுவரைப் பார்த்துவிட்டு, “அம்மா, இது அப்பா மாதிரி ஒரு மாமா” என்றாள்.

அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தது யார் என்று நான் கேட்டுத் திரியவில்லை. தெரிந்தால் அந்த ஆள் வீட்டு வாசலில் காறித் துப்ப வேண்டியிருக்கும்.

அறிக்கை வந்த அன்று இயக்கத்துப் பையன்கள் தெருவில் இனிப்பு வழங்கினார்கள். எங்கள் வாசற்படியிலும் ஒரு தட்டு பக்லாவாவை வைத்துவிட்டுப் போனார்கள். துண்டு துண்டாகச் செத்தவன் வீட்டு வாசலில் தேன் சொட்டுகிற பலகாரம். நான் அதைக் காலால் தள்ளினேன். எதிர்வீட்டுக்காரி பொறுக்கி எடுத்துக்கொண்டு, “பாவம்மா, சாப்பாட்டுப் பொருளை எத்தலாமா?” என்றாள். அவள் பிள்ளைகள் விரலை நக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார்கள். துக்கத்துக்கு வராதவள் இப்போது தினமும் வருகிறாள். “உங்க வீட்டுக்காரர் கொடுத்து வச்சவரு” என்கிறாள்.

எங்கள் பகுதியில் இயக்கத்துப் பொறுப்பாளன் அபு வஜீஹ் நேற்று வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஷஃபீக்கின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“நாங்க உங்களைக் கைவிட மாட்டோம் சகோதரி. பையனுக்கு எங்க பள்ளிக்கூடத்துல இடம். வீட்டுக்குக் காவல். அவரை இருக்கிற இடத்துலேருந்து எடுத்து எங்க வீரர்கள் கல்லறைத் தோட்டத்துல வைக்கிறோம். மரியாதையா இருக்கும்” என்றான்.

“அவர் உங்க ஆள் இல்லையே” என்றேன்.

சிரித்தான். “தெரியும். ஆனா ரேடியோல அவங்களே நம்ம ஆள்னு சொல்லிட்டாங்க. கையில வந்து விழுந்ததை ஏன் விடணும்? ஒவ்வொரு தூதரகத்து வாசல்லயும் எங்க ஆளு இருக்கான்னு நினைச்சு அவனவன் நடுங்கட்டுமே. நீங்க சும்மா இருந்தாப் போதும், பேசக்கூட வேணாம்.”

இதைச் சொல்லும்போது அவன் பல்லிடுக்கில் எதையோ குத்திக்கொண்டிருந்தான். அன்று காரை அனுப்பியதும் இவர்கள்தான். என் வீட்டுக்காரர் கை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டு வழிவிட்டாரே, அந்த மரியாதைக்குள் வெடிமருந்தை வைத்துவிட்டு, இப்போது அதையே வீரம் என்கிறார்கள். ஹன்னாவிடம் போய், கேட்டதைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். “எனக்கு ஒரு கண்ணுதாம்மா மிச்சம்” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

உன்னைக் கேட்பது ஒன்றே ஒன்று. அங்கே யாராவது உன்னைக் கட்டிப்பிடிக்க வந்தால், “அவர் அவர்கள் ஆள் இல்லை” என்று சொல். வாசலில் நிற்கத்தான் நீ வரவில்லை. இதையாவது செய்.

நவால்


அபிஜான்
21 ஏப்ரல் 1980

அக்கா,

நீ எழுதியதைப் படித்து இரண்டு நாள் தூங்கவில்லை. நீ சொல்வதெல்லாம் நியாயம். அதைச் சொல்லிவிட்டு மற்றதையும் சொல்கிறேன்.

ஹாஜி ஜவாதின் மகள் ரீமாவைப் பற்றி உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். இரண்டு முறை பெண் கேட்டு ஆள் அனுப்பினேன். இரண்டு முறையும், “கதவு தெறந்து விடுறவன் குடும்பத்துல எங்க பொண்ணைக் குடுக்கிறதா?” என்று திருப்பி அனுப்பினார். போன வாரம் அவரே கடைக்கு வந்தார். அவரே! கல்லாப்பெட்டிக்கு முன்னால் நின்று, “மாவீரன் குடும்பத்தோட சம்பந்தம் வைக்கிறது எங்களுக்குத்தான் பெருமை” என்று என் தோளைத் தட்டினார். ஆகஸ்டில் கல்யாணம்.

சிரிக்காதே. அதே கதவு, அதே மனுஷர், எனக்கும் தெரிகிறது. நான் குருடன் இல்லை.

நாற்பதாம் நாள் இங்கே சமூகக் கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். நான் மறுக்கத்தான் எழுந்தேன். மேடை ஏறியதும் முதல் வரிசையில் ஹாஜி உட்கார்ந்திருந்தார். எழுதிக் கொடுத்திருந்ததைப் படித்துவிட்டு இறங்கிவிட்டேன். கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் கைதட்டியதில்லை, அக்கா.

உன் காலில் விழுந்து கேட்கிறேன், ஆகஸ்ட் வரைக்கும் வாயைத் திறக்காதே. அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் சொல். செத்தவருக்கு நாலு மாசம் முன்னே பின்னே ஆனால் என்ன? அத்தானே இருந்தால் “பையன் நல்லா இருக்கட்டும்”னுதான் சொல்லியிருப்பார்.

நீ மட்டும்தான் சுத்தம், நாங்களெல்லாம் சாக்கடை என்கிற மாதிரி எழுதுகிறாய். சரி. அபு வஜீஹ் போன்றவர்களை எதிர்த்துக்கொண்டு அந்தத் தெருவில் நீ எத்தனை நாள் இருப்பாய்? ரமீஸை யார் பார்த்துக்கொள்வார்கள்? மரியாதை என்று சொல்லித்தானே அத்தான் அந்தத் தடுப்பைத் தூக்கினார்? அந்த மரியாதை என்ன செய்தது என்று பார்த்தாயே!

கடைசி வரியை அடித்துவிட நினைத்தேன். துணி வியாபாரி வாசலில் நிற்கிறார், வேறு தாள் எடுத்து எழுத நேரமில்லை.

காலிப்


பெய்ரூத்
9 மே 1980

காலிப்,

உன் கடைசி வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதே கேள்வியை வேறொருத்தி என் வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டாள். அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. உனக்கு இல்லை.

தூதரகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த லமியா என்ற பெண்ணைப் பற்றி ஷஃபீக் எப்போதாவது பேசுவார். காலையில் வரும்போது காவல் கூண்டில் ஒரு எள்ளு ரொட்டி வைத்துவிட்டுப் போவாளாம். முதல் மாடி ஜன்னல் ஓரம் அவளுடைய மேஜை. அவளைத் தோண்டி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. அவளுடைய தாய் உம் நதீம் செவ்வாய்க்கிழமை வந்தாள். தலைமகன் நதீமின் பெயரால்தான் அவளை எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அவன் சண்டையின் முதல் வருஷமே போய்விட்டான். இப்போது மகளும் போனாள்.

யாரென்று சொன்னதும் அடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வோம் என்றும் நினைத்தேன். அவள் உட்கார்ந்தாள். கசப்புக் காப்பி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, வாயில் வைக்காமல், கீழே வைத்துவிட்டாள்.

நம்மிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று அபிஜானில் மறந்திருக்க மாட்டாய். ஒன்று கேட்டு வந்திருக்கிறேன், அதைத் தருகிறேன் என்று நீ சொன்னால்தான் உன் வீட்டுக் காப்பியைத் தொடுவேன் என்று அர்த்தம்.

“எங்க தெரு முழுக்க உன் புருஷன் படம். என் மகளோட துணியை மடிச்சு வைக்கிறேன், ஜன்னல் வழியா அந்த ஆளு என்னைப் பாக்குறான். வீரனாம். என் பொண்ணைக் கொன்னுபோட்டதா ஒரு வீரச் செயல்? எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். அவன் தெரிஞ்சு தெறந்தானா?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெரியவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றதை, சோற்றைத் தொடாததை, ஹன்னா காதில் விழுந்ததை. அபு வஜீஹ் பல் குத்திக்கொண்டே சொன்னதையும் சொன்னேன். அவள் அழவில்லை.

“மரியாதைக்காகத் தெறந்தான்” என்றாள்.

“ஆமா.”

“அவன் மரியாதைக்கு என் மக செத்தா.”

“ஆமா.”

வேறு என்ன சொல்ல முடியும்? அவள், “அப்ப அதைச் சொல்லு. எனக்கு மட்டும் இல்ல, ஊருக்குச் சொல்லு. முட்டாள்தனமா ஒரு நல்ல மனுஷன் கதவைத் தெறந்தான், ஒரு நாய் உள்ளே வந்துச்சுன்னு சொல்லு. என் மக நாய் கடிச்சுச் செத்தான்னு எல்லாருக்கும் தெரியட்டும். அவளைக் கொன்னதுக்கு எவனும் மிட்டாய் குடுக்கக் கூடாது” என்றாள்.

“சொல்றேன்” என்றேன். அப்போதுதான் கோப்பையை எடுத்தாள். ஆறிப்போயிருந்தது. முழுவதும் குடித்தாள். இந்த வீட்டுக்குத் துக்கத்துக்கு வந்து துக்கத்துக்காகக் காப்பி குடித்த முதல் ஆள் அவள்தான்.

அதனால் ஷஃபீக்குக்கு இரங்கல் அறிவிப்பு அடிக்கப் போகிறேன். எல்லோருக்கும் அடித்துச் சுவரில் ஒட்டுகிறோமே, கறுப்புக் கரை போட்ட காகிதம், அது. மற்றவர்கள் பயந்து அடிக்காமல் விட்டது. அதில் எழுதப்போவது இவ்வளவுதான்: வாசற்காவலர் ஷஃபீக், துக்கத்துக்கு வந்தவர் என்று நம்பிக் கதவைத் திறந்தார்; அந்தக் காரில் வந்தவனாலும் அவனை அனுப்பியவர்களாலும் கொல்லப்பட்டார்; அவர் எந்த இயக்கத்தையும் சேர்ந்தவர் அல்ல. கீழே வழக்கம்போல உறவுக்காரர்கள் பெயர். அவருடைய தங்கை வீட்டார் தங்கள் பெயர் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். ஆக நான், பிள்ளைகள், பிறகு மனைவியின் தம்பி. அச்சகத்தில் உன் பெயருக்கு இடம் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் வரைக்கும் காத்திருக்க மாட்டேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ரமீஸை நினைத்தால் இன்னும் பயம். ஆனால் அவன் அந்தப் பள்ளிக்கூடத்தில் தாடி வைத்த அப்பாவுக்குத் தினமும் சலாம் வைத்து வளரப்போகிறான் என்று நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

உன் பெயரைப் போடட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் எழுது.

நவால்


அபிஜான்
22 மே 1980

அக்கா,

போடாதே.

இங்கே இருக்கிற இயக்கத்துக்காரர்கள் எழுத்துக்கு எழுத்து படிப்பார்கள். அந்தக் காகிதம் ஒரு வாரத்தில் இங்கே வந்துவிடும். ஹாஜி ஏற்கெனவே எதையோ கேள்விப்பட்டிருக்கிறார். நேற்று வீட்டுக்குக் கூப்பிட்டு, “பெய்ரூத்ல உங்க அக்கா ஏதோ மாதிரி பேசிட்டு இருக்காளாமே?” என்று கேட்டார். ரீமா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். “கூடப் பிறந்தவ இல்லைங்க, சித்தப்பா மக. அவ்வளவு போக்குவரத்து கிடையாது” என்று சொல்லிவிட்டேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு விழுங்க முடியவில்லை. கல்யாணம் முடிந்ததும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவேன், சத்தியமாக. அதுவரைக்கும் எனக்கு நேராக எழுதாதே. கடைப் பையன் கையில் கொடுக்கச் சொல்.

நீயும் ஒட்டாதே, அக்கா. ஒட்டினால் அவர்கள் உன்னை விட மாட்டார்கள். இதை என் கல்யாணத்துக்காகச் சொல்லவில்லை. நீ நம்ப மாட்டாய், தெரியும்.

காலிப்


பெய்ரூத்
7 ஜூன் 1980

காலிப்,

உன் கடிதம் வந்த அன்றே அச்சகத்துக்குப் போனேன். உம் நதீமும் கூட வந்தாள். தனியாகப் போகாதே என்று அவள் சொன்னாளே தவிர, பிரியமாக ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கைப்பிடித்துப் படி ஏற்ற வந்தபோது உதறிவிட்டாள்.

அச்சுக் கோக்கிறவர் கதவைச் சாத்திவிட்டு, தன் அச்சகத்தின் பெயரைக் கீழே போட மாட்டேன் என்ற நிபந்தனையோடு வேலையைத் தொடங்கினார். உறவுக்காரர்கள் வரிசைக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

“மனைவியின் தம்பின்னு எடம் விடச் சொன்னீங்களே, பேரு என்னம்மா?”

“பேரு இல்லை” என்றேன்.

“நடுவுல வெத்து எடம் அசிங்கமா இருக்குமே. எடுத்துடவா?”

உம் நதீம் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, “எடுக்காத. என் பேரைப் போடு” என்றாள்.

அவர் விழித்தார். “நீங்க யாரும்மா அவருக்கு?”

“அங்கே செத்துப்போன லமியாவோட அம்மா. அப்படியே போடு.”

பிறகு என் பக்கம் திரும்பி, “உன் புருஷனை மன்னிச்சுட்டேன்னு நினைக்காத. மன்னிக்க மாட்டேன். என் மகளை யாரு கொன்னாங்கன்னு இந்த ஊர்ல இந்த ஒரு காகிதத்துலதான் எழுதியிருக்கு. அதுல என் பேரு இருக்கணும்” என்றாள்.

மாவுப் பசை காய்ச்சி, பட்டப்பகலில் நாங்கள் இருவரும் ஒட்டினோம். அந்தத் தாடி முகத்தின் மேல், ரொட்டிக்கடைச் சுவரில் தொடங்கி, அவள் ஜன்னலுக்கு எதிரே இருக்கிற சுவர் வரைக்கும். சிலர் நின்று படித்தார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார்கள். எதிர்வீட்டுக்காரி, “உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?” என்று மாடியிலிருந்து கத்தினாள். சாயங்காலத்துக்குள் பாதிக்கு மேல் கிழித்துவிட்டார்கள். உம் நதீமின் ஜன்னலுக்கு எதிரே ஒட்டியது மட்டும் இன்னும் இருக்கிறது. அதைக் கிழிக்க வந்தவனைப் பார்த்தபடி அவள், மகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தாளாம். அவன் போய்விட்டான்.

அபு வஜீஹ் நேரில் வரவில்லை. ஆள் அனுப்பினான். ரமீஸுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் இல்லையாம். அவன் அனுப்பியவன் போகும்போது கதவில் சுட்டுவிட்டுப் போனான். யாருக்கும் அடி இல்லை. வீட்டைக் காலி செய்கிறேன். பிள்ளைகளோடு மலைப்பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சமைக்கிற வேலைக்குப் போகிறேன். ஊர் பெயரை உனக்கு எழுத மாட்டேன். காரணம் உனக்கே தெரியும்.

கிளம்புவதற்கு முன் மூன்று நாள் கதவைத் திறந்து வைத்து, காப்பி போட்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் ரமீஸ் நின்றான், அப்பாவின் கறுப்புக் கோட்டுக் கையை மடித்து விட்டுக்கொண்டு. கூட்டம் ஒன்றும் வரவில்லை. ஹன்னா ஒற்றைக் கண்ணோடு தடவித் தடவி வந்தார். எங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு பெரியவர் வந்தார். தன்னைத்தான் முதல் நாள் வாசலில் சோதித்தார்கள் என்றார். “என்னைச் சோதிச்சதுக்காக அந்தப் பையன் வருத்தப்பட்டிருக்கான்னு கேள்விப்பட்டேன். வருத்தப்பட்டிருக்கவே வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அழுதார். உம் நதீம் மூன்று நாளும் வந்து, மூன்று நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று நாளும் ஒன்றும் பேசாமல் போனாள்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு தம்பியிடம் காட்ட அதாவது மிஞ்சியிருக்கும். உன் எழுத்தைப் பார்க்கும்போது அந்த வாசற்படித் தட்டைப் பார்த்தபோது வந்த குமட்டல்தான் வருகிறது.

நேராக எழுதாதே என்றாய். அதனால் கடைப் பையன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். ரீமா நல்ல பெண் என்றுதான் நினைக்கிறேன். அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்.

உன் சித்தப்பா மகள்
நவால்